இரண்டு மணி ஐந்து நிமிட உண்ணாவிரதம்

பசி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்கு இருபத்து மூன்று வயது வரை தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதைச் சொல்வது எளிது.

எங்கள் வீடு மதுரையில் பழங்காநத்தத்தில் இருந்தது. அப்பா அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அம்மா விரதங்களுக்குப் பொறுப்பு. கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம் என்று மாதம் மூன்று நான்கு வரும். பத்து வயதிலிருந்து நான் ஒன்றைக்கூட விட்டதில்லை. விரதம் என்றால் அன்றைக்குச் சோறு கிடையாது. மற்றதெல்லாம் பலகாரம் என்ற பெயரில் உண்டு. காலையில் இட்லி, பதினோரு மணிக்கு ரவா உப்புமா, சாயங்காலம் அடை, படுக்கப் போகுமுன் வாழைப்பழமும் பாலும். (இட்லியிலும் அரிசிதானே இருக்கிறது என்று அப்பா ஒருமுறை கேட்டுவிட்டார். அன்றைக்கு அவருக்கு மட்டும் இட்லி கிடையாது என்று ஆகிவிட்டது.) கணக்குப் பார்த்தால் விரத நாட்களில்தான் நாங்கள் அதிகம் சாப்பிட்டோம். ஆனால் விரதம் இருந்தோம் என்ற பெருமை மட்டும் குறையாமல் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில், கிராமத்துப் பெண்பிள்ளைகளை முன்னேற்றுவதற்கென்று மதுரையில் நடந்துவந்த ஒரு சிறிய சங்கத்தில் அமைப்பாளராகச் சேர்ந்தேன். அலுவலகம் ஒரு சைக்கிள் கடையின் மாடி. எனக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். மக்கள் சொல்வதை முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது அதில் முக்கியமான பாடம். சொல்வதற்கே என்னிடம் நிறைய இருந்ததால் கேட்பதற்கு நேரம் கிடைக்கவில்லை.

என்னை அனுப்பிய ஊர் சமயநல்லூருக்கு மேற்கே நாலு மைல். அந்த ஊருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

ஊரில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம். அந்த வருஷம் எட்டுப் பெண்கள் எட்டாவது தேறியிருந்தார்கள். அவர்களைத்தான் சங்கமாகக் கூட்டினேன். வாரம் இரண்டு முறை அவர்களைப் பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் உட்காரவைத்துத் தலைமைப் பண்பு சொல்லிக்கொடுத்தேன். 'தலைவியின் ஏழு குணங்கள்' என்று நானே ஒரு பட்டியல் தயாரித்து எல்லோரையும் மனப்பாடம் செய்யவைத்தேன். தலைவி அஞ்ச மாட்டாள். தலைவி அழ மாட்டாள். தலைவி பசி தாங்குவாள். மற்ற நான்கும் எனக்கு மறந்துவிட்டன. பேச்சியம்மாளுக்கு மறக்கவில்லை.

பேச்சியம்மாள் அந்த எட்டுப் பேரில் ஒருத்தி. பதின்மூன்று வயது. ஒல்லி. எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்பாள். அதுவும் மெதுவாக, நான் சொன்னதில் ஓட்டை இருப்பது எனக்கே தெரியும்படியாகக் கேட்பாள். இவளைத் தலைமைப் பயிற்சியில் பின்தங்கியவள் என்று என் நோட்டில் எழுதிவைத்திருந்தேன்.

ஒன்பதாவது படிக்கச் சமயநல்லூருக்குப் போக வேண்டும். கண்மாய்க்கரை, அப்புறம் ஆள் அரவமில்லாத கரும்புக் காடு என்று நாலு மைல் நடை. அந்த வழியாகக் காலை எட்டுப் பத்துக்கு ஒரு பஸ் போகும். ஆனால் இந்த ஊரில் நிற்காது. அங்கே நிறுத்தம் கிடையாது என்பது சட்டம். வேட்டி கட்டிய ஒருவர் ரோட்டோரம் கையைக் காட்டினால் சில நாள் நிற்கும். பெண்பிள்ளைகள் கும்பலாக நின்றால் இன்னும் வேகமாகப் போகும். எனவே ஊரில் எந்தப் பெண்ணும் எட்டாவதைத் தாண்டியதில்லை.

பேச்சியின் அப்பா சின்னக்கருப்பன், ஒன்றரை ஏக்கர் விவசாயி. அவரிடம் போய்ப் பெண் கல்வியின் அவசியத்தை முக்கால் மணி நேரம் விளக்கினேன். அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு பத்துப் பேர் முன்னிலையில் ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னார்.

"பஸ்ஸு நம்ம ஊர்ல நின்னுச்சுன்னா புள்ளைய அனுப்புறேன் டீச்சர், இது சத்தியம். நிக்கலைன்னா ஆட்டப் பத்திக்கிட்டுப் போகட்டும்."

(நான் டீச்சர் இல்லை. ஆனால் பை மாட்டிக்கொண்டு வருகிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அந்த ஊருக்குத் தெரியவில்லை.) அவர் பிறந்ததிலிருந்து அந்த பஸ் அங்கே பெண்பிள்ளைகளுக்காக நின்றதில்லை என்ற தைரியத்தில்தான் சத்தியம் செய்தார் என்று நினைத்தேன். மற்ற ஏழு வீட்டாரும் சின்னக்கருப்பன் சொன்னதே எங்களுக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, எட்டுப் பெண்களின் படிப்பும் ஒரு பஸ்ஸின் பிரேக்கில் வந்து நின்றது.

பதினோரு மனு எழுதினேன். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே ஒரு பதில் வந்தது. அது எந்த மனுவுக்கு என்று அதில் இல்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பெயர் சேர்க்க இன்னும் ஒரு வாரம்தான். உண்ணாவிரதம் இருப்பது என்று முடிவெடுத்தேன்.

மதுரைச் சங்க அலுவலகத்து அம்மாக்கள் தயங்கினார்கள். "உனக்குப் பசி தாங்குமா?" என்று கேட்டார்கள்.

"மாசம் மூணு விரதம் இருக்கிறவம்மா நான்" என்றேன். பொய் சொல்லவில்லை. மனதாரச் சொன்னேன்.

புங்கமரத்தடியில் பெண்களிடம் திட்டத்தை அறிவித்தேன். பேச்சியம்மாள் கையைத் தூக்கினாள்.

"அக்கா, நாம சாப்புடாம இருந்தா பஸ்ஸு ஏன்க்கா நிக்கும்?"

பசித்தவர்களைக் கண்டால் அதிகாரிகளின் மனம் இளகும் என்று அரை மணி நேரம் விளக்கினேன்.

"கோடையில கஞ்சியில்லாம நாங்க எம்புட்டோ நாளு கெடந்திருக்கோம்க்கா. ஒண்ணும் நிக்கலையே."

'பேச்சியம்மாளுக்கு அரசியல் புரிதல் போதாது' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் நான் திறப்பதில்லை.

பஸ் டிப்போ மேனேஜருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினேன். ஒரு பழைய வேட்டியில் நீல மையால் 'சாகும் வரை உண்ணாவிரதம்' என்று எழுதினேன். எழுதிய இடம் எங்கள் வீட்டு முற்றம் என்பதால் அம்மா பார்த்துவிட்டாள்.

"வெள்ளிக்கெழமை அதுவுமா என்ன வார்த்தைடி எழுதுற? அழி அதை."

மை அழியாது. கடைசியில் 'சாகும் வரை' என்ற இரண்டு சொற்களின் மேல் வெள்ளைத் துணியை ஒட்டித் தைத்து, 'பஸ் நிற்கும் வரை' என்று மாற்றி எழுதினேன். அம்மாவுக்குத் திருப்தி. அதோடு, கல்யாணமாகாத பெண் அசலூரில் தனியாகத் தங்கக் கூடாது என்று தானும் கிளம்பிவிட்டாள். கையில் ஒரு பெரிய ஒயர் கூடை. அதில் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை என்று முன்பே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே போய்ச் சின்னக்கருப்பன் வீட்டில் தங்கினோம். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ரோட்டோரம் இரண்டு கம்பு நட்டு வேட்டியைக் கட்டினோம். முன்னால் பாய் விரித்து எட்டுப் பெண்களும் நானும் உட்கார்ந்தோம். பெண்களின் மாற்றுச் சான்றிதழ்களை எல்லாம் நான் முன்கூட்டியே வாங்கி என் பையில் வைத்திருந்தேன். அதிகாரிகள் வந்ததும் ஒவ்வொருத்தியும் ஒன்றைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு.

முதல் சிக்கல் ஆறேகால் மணிக்கு வந்தது. ஊர்ப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக வந்து நின்றார்கள். முன்னால் பேச்சியின் அம்மா ஒச்சம்மாள்.

"புள்ளைக வெரதம் இருக்குதுகளாமே. எந்தச் சாமிக்கு டீச்சர்?"

"சாமிக்கு இல்லைங்க."

"பின்ன?"

"பஸ்ஸுக்கும்மா" என்றாள் பேச்சி.

ஒச்சம்மாள் அதைக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "எதுக்கா இருந்தா என்ன, வெரதம்னா காப்புக் கட்டணும்ல" என்று சொல்லி, மஞ்சள் கயிற்றில் வேப்பிலை வைத்து எட்டுப் பெண்களின் கையிலும் கட்டினாள். ஒன்பதாவதாக என் கையிலும். இது போராட்டம், சாமி விரதம் அல்ல என்று நான் விளக்க ஆரம்பித்தபோது குலவை போட்டுவிட்டார்கள். குலவைச் சத்தத்தில் யாரும் எதையும் விளக்க முடியாது.

"காப்புக் கட்டியாச்சு. அது எறங்குற வரைக்கும் ஊர் எல்லையத் தாண்டப்படாது, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு எல்லோரும் எதிரே உட்கார்ந்தார்கள்.

ஆறரை மணிக்கு வழக்கமாக எனக்குக் காப்பி. அது வராதபோது தலையின் இடது பக்கம் லேசாக வலித்தது. பொருட்படுத்தவில்லை. ஏழு மணிக்கு வலது பக்கமும் வலித்தது. ஏழேகாலுக்கு வயிற்றுக்குள் ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்த பேச்சி திரும்பிப் பார்த்தாள். ஏழரைக்குக் கோஷம் போட வேண்டிய முறை என்னுடையது. "நிறுத்து நிறுத்து" என்று தொடங்கினேன், எதை நிறுத்துவது என்பது மறந்துவிட்டது. எட்டுப் பெண்களும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அது சாதாரணத் திங்கட்கிழமை.

ஏழே முக்காலுக்கு டிப்போ மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். பையிலிருந்து சான்றிதழ்களை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது தலைவலியில் எனக்கு மறந்துவிட்டது. ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு கட்டு. எங்கள் பதினோரு மனுவும் அதில் இருந்தன. ரோட்டோரம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, இப்படியெல்லாம் செய்தால் நிறுத்தம் வராது, மேலிடத்தில் முடிவாக வேண்டும், மேலிடம் என்பது இன்னும் மேலே இருக்கிறது என்று நிதானமாகச் சொன்னார். அவருக்குச் சுடச்சுடப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அப்போதுதான் காற்று திசை மாறியது.

காற்றில் கடுகு வெடிக்கும் மணம் வந்தது. பிறகு பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை. கடைசியாக ரவை நெய்யில் வறுபடும் மணம். ஒயர் கூடைக்குள் என்ன இருந்தது என்று அப்போது தெரிந்தது. அம்மா சின்னக்கருப்பன் வீட்டு அடுப்பில் ஊருக்கே உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிக்கு அண்டாவும் வாழையிலையுமாக வந்துவிட்டாள். அம்மாவைப் பொறுத்தவரை அதில் தவறே இல்லை. விரதக்காரர்கள் இருக்கிறார்கள், பலகாரம் வேண்டாமா?

"பிள்ளைகளா, இலை போடவா?" என்றாள்.

"வேணாம்த்தை. பஸ்ஸு நின்னாத்தான்" என்றாள் பேச்சி. மற்ற ஏழு பேரும் தலையாட்டினார்கள். மேனேஜர் அதைக் கவனித்தார்.

அம்மா என் பக்கம் குனிந்து சன்னமான குரலில் சொன்னாள்: "உனக்கு என்னடி வந்துச்சு, முகமெல்லாம் வெளுத்துக்கிடக்கு. வெரதத்துக்குச் சோறுதான் ஆகாது. இது ரவை. வேட்டிக்குப் பின்னாடி வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ."

எனக்குத் தெரியும். உண்ணாவிரதத்தில் உண்ணக் கூடாது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். ஆனால் பதின்மூன்று வருஷமாக விரதம் என்றால் உப்புமா என்று பழகிய வயிறு என் பட்டப்படிப்பை மதிக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து வேட்டிக்குப் பின்னால் போனேன். அம்மா இலையில் வைத்துக் கொடுத்தாள். மணி எட்டு ஐந்து. என் உண்ணாவிரதம் இரண்டு மணி ஐந்து நிமிடம் நடந்திருந்தது.

ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. வேட்டி வெள்ளை. வேட்டிக்குப் பின்னால் கிழக்கு. எட்டு மணி வெயில் என் முதுகில் சுள்ளென்று அடித்தது. எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும், 'பஸ் நிற்கும் வரை உண்ணாவிரதம்' என்ற எழுத்துகளின் நடுவே, இலையிலிருந்து வாய்க்குப் போய் வாயிலிருந்து இலைக்கு வரும் என் கை துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

எனக்கு அது தெரியாது. அந்தப் பக்கம் திடீரென்று அமைதியானது மட்டும் கேட்டது. அமைதியில் மேனேஜரின் குரல்.

"அது உங்க தலைவியம்மாதானே?"

"ஆமா சார்" என்றாள் பேச்சி.

"எத்தனாவது வாய் அது?"

"ஆறாவது சார்" என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பெண்.

நான் ஏழாவது வாயோடு உறைந்தேன். வேட்டியை விலக்கிக்கொண்டு மேனேஜர் வந்து நின்றார். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என் மோவாயில் கடுகு ஒட்டியிருந்ததாக அம்மா பிற்பாடு சொன்னாள். அவர் ஏதாவது திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

"உப்புமாவா?" என்றார்.

"வாங்க சார், ரோட்டோரமா பெஞ்சில உக்காருங்க. காலைல ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்றாள் அம்மா.

எங்கள் அறிவிப்பினால் அவர் உண்மையாகவே வெறும் வயிற்றோடு கிளம்பி வந்திருந்தார். இலை போட்டாள். அவர் சாப்பிட உட்கார்ந்தார். போராட்டம் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவர் முகத்திலேயே தெரிந்தது. சாப்பிட்டு முடித்ததும் எழுந்து ஜீப்பில் ஏறிப் போய்விடுவார். தலைவி உப்புமா சாப்பிட்டாள் என்று கோப்பில் எழுதி மூடிவிடுவார். எட்டுப் பெண்களும் ஆட்டுக்குப் பின்னால் போவார்கள். வேட்டிக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே வர வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

எட்டு இருபதுக்கு, வழக்கம்போல் பத்து நிமிடத் தாமதத்தில், பஸ் வந்தது.

டிரைவர் தூரத்திலிருந்தே டிப்போ ஜீப்பைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் வந்ததும் ரோட்டோரத்தில் மேனேஜரே இலையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். மேனேஜர் அவரைப் போகச் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் வாய் நிறைய சூடான உப்புமா. வலது கை எச்சில். எனவே மனுக் கட்டு இருந்த இடது கையைத் தூக்கிப் 'போ, போ' என்று ஆட்டினார். மேலதிகாரி காகிதக் கட்டை ஆட்டினால் டிரைவருக்கு வேறு அர்த்தம். பஸ் நின்றது.

பேச்சி எழுந்து வேட்டியில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள்.

"பஸ்ஸு நின்னுருச்சு" என்றாள்.

அவ்வளவுதான். குலவை வானத்தை எட்டியது. விரதம் யாருக்காகவோ அந்தச் சாமியே நேரில் வந்து நிற்கும்போது ஊர்ப் பெண்கள் சும்மா இருப்பார்களா? மஞ்சள் தண்ணீரை பஸ்ஸின் முகத்தில் ஊற்றினார்கள். ஹெட்லைட்டுக்குக் குங்குமம் வைத்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். அதற்கும் குலவை போட்டார்கள்.

"ஏறுங்கடி" என்றாள் பேச்சி.

"காப்போட எல்லையத் தாண்டக் கூடாதுடி" என்று ஒச்சம்மாள் தடுத்தாள்.

"வெரதம் பஸ்ஸுக்குத்தானம்மா? அதான் வந்துருச்சுல்ல. எறக்கிவிடு."

ஒச்சம்மாள் ஒரு கணம் மகளைப் பார்த்தாள். பிறகு எட்டுக் காப்பையும் கழற்றி பஸ்ஸின் கண்ணாடிக் கம்பியில் கட்டினாள். எட்டுப் பெண்களும் ஏறினார்கள். பிள்ளைகளைத் தனியாக அனுப்ப முடியுமா என்று தாய்மார்களும் ஏறினார்கள். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போவதா என்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு என் அம்மாவும் ஏறிவிட்டாள். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

மிச்சம் நின்றது மூன்று பேர். இலையோடு மேனேஜர். என்ன நடந்தது என்று புரியாமல் சின்னக்கருப்பன். வேட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த நான். என் தோளில் பை. பைக்குள் எட்டு மாற்றுச் சான்றிதழ்கள்.

சான்றிதழ் இல்லாமல் பெயர் சேர்க்க மாட்டார்கள். ஓட ஆரம்பித்தேன். இருபது அடி ஓடியிருப்பேன், பின்னால் சைக்கிள் மணி கேட்டது.

"ஏறுங்க டீச்சர்" என்றார் சின்னக்கருப்பன்.

நாலு மைலும் அவர் மிதித்தார். நான் பின்னால் கேரியரில், கழுவாத கையைப் பையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி. கரும்புக் காடு வந்ததும் அவராகப் பேசினார்.

"படிக்க வைக்க எனக்கு மனசில்லாம இல்ல டீச்சர். இந்தப் பாதையப் பாருங்க. இம்புட்டுத் தூரம் ஒரு குருவி இல்ல. இதுல தெனமும் புள்ளைய நடக்கவிட்டுட்டு நான் எப்படி வயல்ல நிக்கிறது? அதான் பஸ்ஸு நிக்கட்டும்னேன்."

அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. அவர் பஸ் நிற்கக் கூடாது என்று சத்தியம் செய்யவில்லை. நிற்க வேண்டும் என்றுதான் செய்திருக்கிறார். இத்தனை நாளாக அவரிடம் எவ்வளவோ பேசியிருக்கிறேன், உங்களுக்கு என்ன பயம் என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்து வாசலில் பஸ் நின்றிருந்தது. எட்டுப் பெண்களும் சாப்பிட்டிருந்தார்கள். தாய்மார்கள் சாப்பிட்டிருந்தார்கள். கண்டக்டர் இரண்டாம் முறையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்டா காலி. சின்னக்கருப்பன் கொடுத்த வாக்கை மீறாமல் விண்ணப்பத்தில் முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தார். மற்ற ஏழு தாய்மார்களும் அவருக்குப் பின்னால்.

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தோடு ஊருக்குப் போனேன். எட்டுப் பத்துக்குப் பெண்கள் ரோட்டோரம் நின்றார்கள். பஸ் நின்றது. மேனேஜர் உத்தரவு எதுவும் போடவில்லை. டிரைவர்தான் கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறார்: "காப்புக் கட்டுன இடத்துல நிக்காமப் போனா வண்டிக்கு ஆகாதுண்ணே." (அதற்குப் பிறகு எழுதிய எங்கள் பன்னிரண்டாவது மனுவுக்கு ஏழு மாதம் கழித்து ஒரு பதில் வந்தது. பரிசீலனையில் உள்ளது என்று.)

அன்று பஸ் ஏறுமுன் பேச்சி என்னைப் பார்த்தாள். என் கையில் காப்பு அப்படியே இருந்தது. அவசரத்தில் என்னுடையதை யாரும் இறக்கவில்லை. அவிழ்க்கத் தெரியாமல் அப்படியே எல்லை தாண்டியிருந்தேன். அவள் பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள்.

"நான் நின்னுக்கிறேன் பேச்சி. தலைவியா இருக்க எனக்குத் தகுதியில்ல" என்றேன்.

"ஏழு கொணத்துல ஒண்ணுதானக்கா போச்சு. ஆறு இருக்குல்ல" என்றாள்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் அதையும் கவனித்தாள்.

"சரி, இப்ப ரெண்டு போச்சு. அஞ்சு இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

கடிதத்தைக் கொடுக்கவில்லை. இன்னும் பத்தொன்பது வருஷம் அந்தச் சங்கத்தில் இருந்தேன். முதல் வேலையாகக் கேட்கக் கற்றுக்கொண்டேன். எனக்குப் பிறகு பேச்சியம்மாள் செயலாளர் ஆனாள். ஆண்டு விழாவில் என்னை மேடைக்கு அழைக்கும்போது இன்றைக்கும் ஒரே அறிமுகம்தான்: "எங்க முதல் தலைவி. ரெண்டு மணி அஞ்சு நிமிஷம்." கூட்டம் கைதட்டும். வீட்டிலும் விடுதலை இல்லை. சமையல் கொஞ்சம் தாமதமானால் என் கணவர், "பஸ் நின்னுருச்சா?" என்று கேட்பார். அம்மா மட்டும் கடைசி வரை சிரித்ததே இல்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. விரதக்காரர்களுக்குப் பலகாரம் செய்தாள், அவ்வளவுதானே.

போன மாதம் ஆண்டு விழாவுக்காக அதே தடத்தில் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் சின்னப் பையன். ஊரின் பழைய பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டேன்.

"அப்படி ஒரு ஊரு இந்த ரூட்ல இல்லையேம்மா."

மறுபடியும் சொன்னேன். உச்சரிப்பைத் திருத்திச் சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையை ஆட்டினார். பஸ் நிறைய சீருடைப் பெண்கள், நிற்க இடமில்லை. எட்டுப் பேரை எண்ண ஆரம்பித்து எண்பதில் விட்டுவிட்டேன். மனது நிறைந்து போயிற்று. அதில் ஒரு பெண் என் முழங்கையைத் தொட்டு, "பாட்டி, சமயநல்லூர் தாண்டுனா நாங்க எறங்குற ஸ்டாப்புதான், அந்த ஸ்டாப்புப் பேரைச் சொல்லுங்க" என்றாள்.

வேறு வழியில்லை. கண்டக்டரிடம் திரும்பி, பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி சொன்னேன்.

"ஒரு உப்புமா குடுங்க."